லிப்பிட் ரிப்போர்ட் நார்மல், குழந்தை மட்டும் படியில் விழுகிறது

மறுபடியும் அதே கதை. மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை, ஒரு வருடமாகப் படி இறங்கும்போது விழுகிறாள், கையெழுத்து கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது. மரபணுப் பரிசோதனையில் நீமன்-பிக் 'சி' வகை என்ற அரிய பரம்பரை நோய் என்று வந்திருக்கிறது. "செல்லுக்குள் கொலஸ்ட்ரால் சேருகிற நோய்" என்று யாரோ சொல்ல, அன்றோடு வீட்டில் முட்டை, நெய், தேங்காய் எல்லாம் நின்றுவிட்டது. என்னிடம் வந்தபோது குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தாள். அப்பா ரத்த ரிப்போர்ட்டை நீட்டி, "கொலஸ்ட்ரால் நார்மலுக்கு வந்துடுச்சு டாக்டர்" என்கிறார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தேன், அதிலும் நார்மல்தான். இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ரால் வேறு விஷயம், செல்லுக்குள் நடக்கிற போக்குவரத்து வேறு விஷயம். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகளைச் செல் உள்ளே இழுத்து லைசோசோம் என்கிற சிறு பையில் சேர்க்கிறது. அங்கே அது உடைந்து கொலஸ்ட்ரால் தனியே பிரிகிறது. அதை என்பிசி-2 என்ற புரதம் எடுத்து, பையின் சுவரில் இருக்கும் என்பிசி-1 புரதத்திடம் கொடுக்க, அது வெளியே அனுப்ப, அங்கிருந்து செல்லின் மேல்சவ்வு, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் (செல்லுக்குள் புரதமும் கொழுப்பும் தயாராகும் சவ்வு வலை), மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) என்று தேவையான இடங்களுக்குப் போய்ச் சேரும். இந்த இரண்டு புரதங்களில் ஒன்று பழுதானாலும் சரக்கு வெளியே வராது. ரேஷன் கிடங்கில் மூட்டை கூரை வரை அடுக்கியிருக்கும், கதவு திறக்காது, கடையிலோ ஸ்டாக் இல்லை. கடையிலிருந்து 'இல்லை' என்று தகவல் போகப் போக இன்னும் லாரி அனுப்புவார்கள், கிடங்கு இன்னும் நிறையும். செல்லிலும் அதுதான் நடக்கிறது: கொலஸ்ட்ரால் அளவை உணரும் இடம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், அங்கே பற்றாக்குறை தெரிவதால் செல் இன்னும் உற்பத்தி செய்கிறது, வெளியிலிருந்தும் இன்னும் இழுக்கிறது.

இப்போது சொல்லுங்கள், முட்டையை நிறுத்தினால் அந்தக் கதவு திறக்குமா? அதோடு மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் இருப்பது அதற்குள் நுழைவதே இல்லை. கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரைகளையும் இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ரத்தத்தில் அளவு குறைந்தது, நரம்புப் பாதிப்பு குறையவில்லை. ஆகவே 'ஹார்ட்டுக்கு நல்லது' டயட்டை இந்தக் குழந்தைகள் மேல் திணிக்காதீர்கள். விழுங்கவே சிரமப்படுகிற குழந்தை அது, உள்ளே போகிற கொஞ்சத்திலும் சத்து இல்லாமல் செய்துவிடுகிறீர்கள்.

சக மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. பிறந்தபோது மஞ்சள் காமாலை வெகுநாள் இழுத்ததா, மண்ணீரல் பெரிதாக இருக்கிறதா என்று கேளுங்கள், தொட்டுப் பாருங்கள். அப்புறம் கண். பேனாவைக் காட்டி மெதுவாகக் கீழே இறக்கினால் பல சமயம் கண் அதன் பின்னாலேயே வந்துவிடும், பரிசோதித்தவர் 'நார்மல்' என்று எழுதிவிடுவார். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "மேலே பார், சட்டென்று கீழே பார்" என்று சொல்லுங்கள். கண் நகராமல், குழந்தை இமையைச் சிமிட்டும், தலையைக் குனியப் பார்க்கும். படியில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். விழுந்து விழுந்து சிரிப்பதாகப் பேச்சுக்குச் சொல்கிறோம், இவர்களில் சிலர் சிரிக்கும்போது உடம்பு துவண்டு நிஜமாகவே விழுவார்கள். வலிப்பு என்று நினைத்து மருந்தை ஏற்றிக்கொண்டே போவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். பெரியவர்களிடம் இதே நோய் மனநோய் போலத் தொடங்கலாம், பல வருடம் அந்தச் சிகிச்சையிலேயே போய்விடுகிறது.

சந்தேகம் வந்தால் லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொலஸ்ட்ரால் பரிசோதனை) உதவாது. ஆக்ஸிஸ்டெரால் (கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் ஒரு பொருள்) போன்ற ரத்தப் பரிசோதனைகள் தனியாக இருக்கின்றன, உறுதி செய்ய மரபணுப் பரிசோதனை. முன்பு தோலில் சிறு துண்டு எடுத்துச் செல் வளர்த்து, ஃபிலிபின் சாயம் ஏற்றிப் பார்ப்போம், தேங்கிய கொலஸ்ட்ரால் நுண்ணோக்கியில் பளிச்சென்று ஒளிரும். என்பிசி-1 மரபணு 1997-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

மருந்து இருக்கிறதா என்றால், முழுதாகக் குணப்படுத்த இல்லை. மிக்லுஸ்டாட் நரம்புப் பாதிப்பின் வேகத்தைக் குறைக்கிறது, 2009-இல் ஐரோப்பாவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. 2024-இல் அமெரிக்காவில் அரிமோக்ளோமால், லெவாசெட்டில்லியூசின் என்று இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. எல்லாமே விலை அதிகம். மிக்லுஸ்டாட் தொடங்கும்போது வயிற்றுப்போக்கு வரும், அதற்குப் பாலையும் சர்க்கரையையும் கொஞ்ச நாள் குறைக்கச் சொல்வோம். உணவில் மாற்றம் என்றால் அது ஒன்றுதான், நெய்க்கும் முட்டைக்கும் இதில் வேலையே இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை: தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறதா பாருங்கள், இருமினால் நீர்த்ததைத் தவிர்த்துக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடுங்கள், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், படுக்கவைத்து ஊட்டவே கூடாது. உணவு நுரையீரலுக்குள் போய் வருகிற நிமோனியாதான் இந்தக் குழந்தைகளின் உயிரை அதிகம் பறிக்கிறது. பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரிடம் சீக்கிரமே காட்டுங்கள், பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக மருமகளைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் மகனிடமும் அது பாதி இருக்கிறது. அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் 11 வாரத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். ஆனால் ஐந்தாம் மாதம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து "இதில் தெரியுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். ஸ்கேனை நம்பி இருக்காதீர்கள். அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, கர்ப்பமாவதற்கு முன்பே, இருவரும் சேர்ந்து வாருங்கள். மூத்த குழந்தையின் மரபணு ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.