சிங்கோனா எங்கே வளரும்? கணினி போடும் வரைபடத்தின் கதை

மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தின் சொந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். எங்கே நடுவது? அவர் கையில் இருந்த தகவல் கொஞ்சம்தான். வெப்பமண்டலத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் குளிர்ந்த மலையாக இருக்க வேண்டும். மழையும் மூடுபனியும் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. இதற்குப் பொருந்துவது நீலகிரி என்று முடிவானது. அவர் சேகரித்த நாற்றுகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து அனுப்பிய, சிவப்புப் பட்டை கொண்ட செம்பட்டைச் சிங்கோனாதான் கைகொடுத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். மரம் மண்ணைப் பிடித்துக்கொண்டது.

மார்க்கம் மனக்கணக்காகச் செய்ததை இன்று கணினி செய்கிறது. காட்டு மூலிகை ஒன்று உலகில் எங்கெல்லாம் வளரக்கூடும் என்று காட்டும் வரைபடங்கள் இப்போது ஆய்விதழ்களில் ஏராளம். சிவப்பு நிறம் அடித்த இடமெல்லாம் செடி நிற்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அது அப்படி இல்லை.

கணினிக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். முதலாவது, செடியை இதுவரை எங்கே பார்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல், அட்சரேகை தீர்க்கரேகையோடு. இதற்கு உலகமே நாடுவது ஜிபிஐஎஃப் என்ற தரவுக்களஞ்சியத்தை. 2001இல் தொடங்கிய இதன் தலைமையகம் கோபன்ஹேகனில் இருக்கிறது. உயிரினங்களைக் கண்ட பதிவுகள் 200 கோடிக்கு மேல் அதில் சேர்ந்திருக்கின்றன. மூலிகைகளைப் பொறுத்தவரை அவற்றில் நிறைய, பழைய உலர்தாவரத் தாள்களிலிருந்து வந்தவை. செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, ஓரத்தில் எங்கே எப்போது பறித்தது என்று எழுதி வைப்பார்களே, அந்தத் தாள்கள்.

வேலையின் பெரும்பகுதி இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்வதில்தான் போகிறது. நூறு வருடத்துக்கு முந்திய தாளில் ஜிபிஎஸ் எண்ணா இருக்கும்? ஊர்ப் பெயரும், மலைச்சரிவு என்ற குறிப்பும் இருந்தாலே அதிர்ஷ்டம். இடம் தெரியாத பதிவில் சில நேரம் இரண்டு எண்களும் பூஜ்யமாக விழுந்துவிடும். அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடலில் இருக்கிறது. சிங்கோனா லண்டனில் வளர்வதாக ஒரு பதிவு வந்தால், அது பெரும்பாலும் ஏதோ அருங்காட்சியகத்தின் முகவரி, இல்லையென்றால் கண்ணாடி வீட்டில் வளர்த்த மரம். இதையெல்லாம் களையெடுத்த பிறகும் ஒரு கோளாறு மிச்சமிருக்கும். செடி சேகரிப்பவர்கள் சாலை போகும் இடத்துக்குத்தான் அதிகம் போவார்கள். சரிசெய்யாமல் விட்டால், இந்த மூலிகைக்குச் சாலையோரம் ரொம்பப் பிடிக்கும் என்று கணினி கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, தட்பவெப்பம். வேர்ல்டுகிளைம் என்ற தொகுப்பு உலக நிலப்பரப்பை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 19 தட்பவெப்ப அளவுகளைத் தருகிறது: ஆண்டுச் சராசரி வெப்பம், ஆண்டு மழை, மிகக் குளிரான மாதத்தின் குறைந்தபட்ச வெப்பம், மிக வறண்ட மாதத்தின் மழை என்று போகும். இத்தனை எதற்கு? ஊட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் சிங்கோனாவுக்கு உகந்த குளுமை. ஜனவரி இரவில் உறைபனி விழுவது சராசரியில் தெரியாது. இளங்கன்றைக் கொல்வது சராசரி வெப்பம் இல்லை, அந்த ஓர் இரவு. இந்த 19இல் பல ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் ஒரே கதையைச் சொல்லும் அளவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள்.

அப்புறம் பொருத்தம் பார்க்கும் வேலை, ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் போலத்தான். இதற்கு அதிகம் புழங்கும் மென்பொருள் மேக்ஸென்ட். ஸ்டீவன் பிலிப்ஸும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலானது. உயிரினப் பதிவுகளில் இருக்கும் ஒரு சிக்கலை அது நேராக எதிர்கொள்கிறது. செடி இருந்த இடம் நமக்குத் தெரியும். இல்லாத இடம் தெரியாது. பதிவு இல்லை என்றால் செடி இல்லை என்று அர்த்தமா, ஆள் போகவில்லை என்று அர்த்தமா? அதனால் மேக்ஸென்ட் ‘இல்லை’ என்ற தகவலையே கேட்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு 10,000 கட்டங்களைப் பொறுக்கி, அந்த வட்டாரத்தின் பொதுவான தன்மை என்ன என்று பார்க்கிறது. பிறகு செடி இருந்த கட்டங்கள் அதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கிறது. வட்டாரத்தில் நல்ல மழைக் கட்டங்கள் பத்தில் ஒன்றுதான், ஆனால் செடி இருந்தவற்றில் பத்துக்கு எட்டு அப்படி என்றால், மழை இந்தச் செடிக்கு முக்கியம்.

செடி எங்கெங்கே எவ்வளவு இருக்கலாம் என்று காட்டும் பரவல்களில், இந்த வேறுபாடுகளுக்கு ஒத்துவருபவை எண்ணற்றவை இருக்க முடியும். அவற்றில் மிகச் சீராகப் பரந்திருப்பதை மென்பொருள் தேர்ந்தெடுக்கும். தரவு சொல்லாத எதையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் இது. இயற்பியலாளர் ஜேய்ன்ஸ் 1957இல் முன்வைத்த கொள்கை அடிப்படை. முடிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். அதுதான் அந்தச் சிவப்பு நிறம்.

கணிப்பு நம்பகமானதா என்று பார்க்கக் கொஞ்சம் பதிவுகளை ஒளித்து வைத்து, வரைபடம் அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிப்பார்கள். ஏமாறும் இடமும் இதுதான். ஆண்டிஸ் மரத்துக்கான ஒப்பீட்டில் சகாராவையும் சைபீரியாவையும் சேர்த்துக்கொண்டால் கணினி போடும் எந்தக் கணிப்பும் மேதாவித்தனமாகத் தெரியும். சகாராவில் சிங்கோனா வளராது என்று சொல்லக் கணினி எதற்கு? உண்மையான சோதனை, பொருந்தும் மலைக்கும் பொருந்தாத பக்கத்து மலைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதே. கட்டுரைகளில் இந்தச் சோதனைக்கு 0.95க்கு மேல் மதிப்பெண் பார்த்தால் நான் முதலில் தேடுவது, எந்தப் பரப்போடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான்.

சரி, நல்ல கணிப்பாகவே இருக்கட்டும். அது சொல்வது தட்பவெப்பம் ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே. ஒத்துப்போகும் இடத்துக்கு விதை போய்ச் சேர வேண்டும். ஈக்வடாருக்கு மேற்கே கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளின் மேட்டுநிலம் செம்பட்டைச் சிங்கோனாவுக்கு ஏற்ற இடம்தான், ஆனால் கடலைத் தாண்டி மரம் போனதில்லை. 1940களில் மனிதர்கள் கொயினாவுக்காக அங்கே சாந்தா குரூஸ் தீவில் நட்டார்கள். மரங்களே இல்லாத ஈரப் புதர்வெளியில் அது காடாகப் பெருகி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நிழலால் அமுக்கியது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இந்த மருந்து மரமும் இருக்கிறது. ஆக, ‘இங்கே வளரும்’ என்று வரைபடம் காட்டும் இடம் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, செடி வளர்வது வேறு, மருந்து ஊறுவது வேறு. நீலகிரியின் செம்பட்டை மரம் செழிப்பாக வளர்ந்தது, ஆனால் பட்டையில் கொயினா குறைவு. பொலிவியாவில் மானுவேல் இன்க்ரா மமானி தேடிச் சேகரித்த விதைகளை ஆங்கிலேய வணிகர் சார்லஸ் லெட்ஜர் 1865இல் விற்க முயன்றபோது பிரிட்டிஷ் அரசு வாங்கவில்லை. ஒரு பங்கை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் வளர்த்தார்கள். அந்த மரத்தின் பட்டையில் கொயினா பல மடங்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகின் கொயினாவில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது. விதை கடத்த உதவியதற்காகச் சிறையில் அடித்து வதைக்கப்பட்ட மமானி அதன் விளைவாகவே இறந்தார். எந்த மலையில் வளரும் என்பதற்குத் தட்பவெப்பம் விடை சொல்லலாம். எந்த மரத்தில் மருந்து இருக்கும் என்பது மமானி போன்றவர்களின் கண்ணுக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்று இந்த வரைபடங்களின் நல்ல பயன் தேடுதலில் இருக்கிறது. பட்டைக்காக வெட்டப்பட்டும் காடு அழிந்தும் அருகிப்போன மரங்களில் மிச்சம் எங்கே இருக்கலாம் என்று பார்க்க, ஆண்டிஸின் எல்லாச் சரிவுகளிலும் ஏற முடியாது. மதிப்பெண் அதிகமுள்ள கட்டங்களுக்கு முதலில் போகலாம். ஆனால் அதே வரைபடம் பறிப்பவர் கைக்கும் போகும். இதற்காகவே அருகிவரும் இனங்களின் இடங்களைப் பொதுவில் வெளியிடும்போது வேண்டுமென்றே பல கிலோமீட்டர் மங்கலாக்குவார்கள். மலையில் சில கிலோமீட்டர் நகர்ந்தால் உயரமே ஆயிரம் மீட்டர் மாறிவிடும், அந்தப் புள்ளியை வைத்துப் போட்ட கணிப்பும் கெட்டுவிடும். அதனால் துல்லியமான இடங்களைத் தனியாகப் பூட்டி வைத்து, கேட்டு வரும் ஆய்வாளர்களுக்கு மட்டும் கொடுப்பது உண்டு.