நீல்மணி பூக்கனை மொழிபெயர்க்கும் முன்

அசாமிய நவீனக் கவிஞர் நீல்மணி பூக்கனைப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் ஆளை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே பெயரில் மூத்த கவிஞர் ஒருவர் உண்டு. 1880இல் பிறந்து 1978இல் மறைந்தவர், பேச்சாற்றலுக்குப் பேர்போனவர். இணையத்தில் இருவரின் நூல்களும் படங்களும் கலந்தே கிடைக்கின்றன. நவீனக் கவிஞர் 1933இல் டெர்கானில் பிறந்தவர். குவாஹாட்டி ஆர்ய வித்யாபீடக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2023 ஜனவரியில் காலமானார். அவருடைய ஞானபீட விருது 2020ஆம் ஆண்டுக்குரியது, அறிவிப்பு வந்தது 2021 டிசம்பரில். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பெரிய இழப்பு நேர்வது கவிதையில்தான். 1963இல் வந்த அவரது முதல் தொகுப்பின் தலைப்பு, 'சூர்ஜ்ய ஹேனோ நாமி ஆஹே எய் நதீயேதி'. 'சூரியன் இறங்கி வருகிறதாம் இந்த ஆற்று வழியாக' என்று தமிழில் சொல்லலாம். 'ஹேனோ' தரும் கேள்விப்பட்ட தொனியை நம் 'ஆம்' அப்படியே ஏந்திக்கொள்கிறது. ஆங்கிலம் வழியாக வந்தால் முதலில் உதிர்வது இதுதான். வழக்கமான வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது இரு மொழிக்கும் பொது. ஆங்கிலமோ வினையை முன்னால் இழுத்துவிடும். காட்சிகள் விரியும் வரிசையே மாறும். பூக்கன் சொற்சிக்கனக்காரர், படிமங்களை அடுக்கி நடுவில் மௌனம் விடுபவர். வரிசை கலைந்தால் அவர் கவிதையில் மிச்சம் அதிகமில்லை.

அதனால் அசாமியம் தெரிந்த ஒருவரை மூலத்தை உரக்க வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். ஒலியை ஒரு வரியிலும் சொல்லுக்குச் சொல் பொருளை அடுத்த வரியிலும் எழுதுங்கள். பிறகே தமிழாக்கம். முன்னிலைக்கு அசாமியத்தில் தொய், துமி, ஆபுனி என மூன்று படிகள். நீயா, நீங்களா என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்யலாம். நாமா, நாங்களா என்பதற்கு மூலம் உதவாது, கவிதை யாரிடம் பேசுகிறது என்று கேட்டே எழுத வேண்டும்.

அச்சு நூலை ஸ்கேன் செய்து எழுத்துணரி (OCR) மென்பொருளில் இடுவோர், மொழித் தெரிவில் அசாமியத்தைத் தேர்ந்தெடுங்கள். அசாமிய, வங்காள எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அசாமிய 'ர', வங்காள 'ப'வுக்குள் (ba, ব) ஒரு கோடு இழுத்தது போலிருக்கும். வங்காளத்தில் வைத்தால் ஓரெழுத்து மாறி வேறு சொல்லாகிவிடும்.

இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதாவது பூக்கனின் கவிதைகளுக்கு 2083 முடியும்வரை உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தால் அந்த மொழிபெயர்ப்பாளரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.