கார் பெயிண்ட்ல எதுக்கு மேல எது போடணும்? வரிசை மாறினா காசு தான் வீண்

பெயிண்ட்டைக் காப்பாத்துற கோட்டிங் போட நம்ம ஷாப்புக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் வண்டியை நிறுத்தினதும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை லேயர் போடுவீங்க?" ஒரு இடத்துல மூணுன்னு சொல்லிருப்பாங்க, இன்னொரு இடத்துல அஞ்சுன்னு சொல்லிருப்பாங்க, அதனால நான் ரெண்டு போதும்னு சொன்னா ஏதோ குறைச்சு போடுறேன்னு நினைக்கிறாங்க. அது அவங்க தப்பு இல்ல, இந்த ஃபீல்டுல விக்கிறவங்க எல்லாரும் எண்ணிக்கையைத் தான் பேசுறாங்க, எதுக்கு மேல எது ஒட்டும், அடியில என்ன இருக்கணும்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. அதைத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும், படிச்சிட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

முதல்ல உங்க கார்ல ஃபேக்டரிலயே என்னென்ன லேயர் இருக்குன்னு பாத்துடலாம். இரும்புத் தகடு மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு ஈ-கோட், அதுக்கு மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர் குடுக்கிற பேஸ் கோட், கடைசியா கலரே இல்லாத கிளியர் கோட். இது எல்லாம் சேர்ந்தே சாதாரணமா 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்) தான் வரும், அதுல கிளியர் கோட் மட்டும் 40-50 மைக்ரான். நம்ம வீட்ல பிரிண்டர்ல போடுற ஏ4 பேப்பர் கிட்டத்தட்ட 100 மைக்ரான், அப்போ உங்க கார் பளபளப்பு மொத்தமும் அந்த பேப்பர்ல பாதி தடிமன்ல இருக்கு. வெயிலைத் தாங்குற யூவி மருந்தும் அந்த கிளியர் கோட்ல தான் கலந்திருக்கு, அதை தேச்சு தேச்சு எடுத்துட்டா அப்புறம் பானெட், ரூஃப்ல வெள்ளை வெள்ளையா உரிஞ்சு வரும் பாருங்க, அந்த நிலைமைக்கு எந்த கோட்டிங்கும் மருந்து இல்ல, ரீபெயிண்ட் தான்.

இதுல இருந்து தான் நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் வருது. பளபளப்பு கோட்டிங்ல இல்ல, கிளியர் கோட் எவ்ளோ சமமா இருக்குங்கிறதுல இருக்கு. மேல போடுற வேக்ஸோ சீலண்ட்டோ செராமிக்கோ (மூணும் என்னன்னு கீழ சொல்றேன்) அதுக்கு கொஞ்சம் ஆழம் குடுக்கும், வழுவழுன்னு இருக்கும், ஆனா அதோட மெயின் வேலை அடியில இருக்கிறதை காப்பாத்துறது. அடியில கீறல் இருந்தா கீறலையும் சேர்த்துத் தான் காப்பாத்தும்.

ஒரு சார் கருப்பு செடான் ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு, வேற எங்கயோ செராமிக் போட்டு கொஞ்ச நாள் தான் ஆச்சு. "தம்பி, நல்ல காசு குடுத்து போட்டேன், நிழல்ல பாத்தா சூப்பரா இருக்கு, வெயில்ல நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி தெரியுதே"ன்னாரு. லைட் அடிச்சு பாத்தா வட்ட வட்டமா ஸ்வர்ல், அதாவது மெல்லிசு கீறல், அதுக்கும் மேல மெஷின் பாலிஷ் ஒழுங்கா முடிக்காம விட்ட ஹோலோகிராம், லைட்டை நகத்த நகத்த அதுவும் கூட சேர்ந்து நகருது. அதுமேல தான் கோட்டிங் கெட்டியா உக்காந்திருக்கு. தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடுது, அதனால கோட்டிங் மோசம்னு சொல்ல முடியாது, அடி வேலை பண்ணாம போட்டது தான் பிரச்சனை. அந்த கோட்டிங்கை பாலிஷ் பண்ணி எடுத்துட்டு கீறலை சரி பண்ணி மறுபடி போடணும்னு சொன்னப்ப அவர் முகம் போன போக்கைப் பாக்க கஷ்டமா இருந்துச்சு, ரெண்டு மடங்கு செலவு, அதோட கிளியர் கோட்டும் தேவையில்லாம இன்னொரு தடவை தேயுது.

அதனால அடி வேலை என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. நல்லா ஃபோம் வாஷ் பண்ணினதுக்கு அப்புறம் அயர்ன் ரிமூவர் அடிக்கணும், பிரேக் பேட்ல இருந்தும் ரயில்வே லைன் பக்கத்துல இருந்தும் பறந்து வர்ற பொடி இரும்பு பெயிண்ட்ல குத்திட்டு நிக்கும், மருந்து பட்டதும் அது ஊதா கலர்ல வழியும், வெள்ளை கார்ல பாத்தா அசந்துடுவீங்க. நாத்தம் குடலைப் புரட்டும், ஆனா அந்த வேலைய நல்லா பண்ணும். அப்புறம் கிளே, களிமண் மாதிரி ஒரு கட்டி, தேச்சா பெயிண்ட்ல ஒட்டிட்டு நிக்கிற அழுக்கை இழுத்து எடுக்கும். கையில ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவரை மாட்டிட்டு கழுவின பானெட்ல லேசா தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா கிளே தேவை, வழுக்கிட்டு போச்சுன்னா வேண்டாம். தேவையில்லாம கிளே போட்டா அதுவே மெல்லிசா கோடு போடும்.

அடுத்து பாலிஷ். இங்க தான் கண்டிப்பா தடிமன் அளக்குற கேஜ் வச்சு ஒவ்வொரு பேனலா ரீடிங் எடுக்கணும். திடீர்னு ஒரு டோர்ல மட்டும் 250, 300னு காட்டுச்சுன்னா அது ரீபெயிண்ட், ஒரு பேனல் மத்ததை விட ரொம்ப கம்மியா காட்டுச்சுன்னா ஏற்கனவே யாரோ நிறைய தேச்சிருக்காங்க. பிளாஸ்டிக் பம்பர்ல இந்த சாதாரண கேஜ் வேலை செய்யாது, அங்க அனுபவத்தை வச்சு தான் கை வைக்கணும். நல்லா ஹெவியா காம்பவுண்ட் (சொரசொரப்பான பாலிஷ்) போட்டா ரெண்டு மூணு மைக்ரான், சில சமயம் அதுக்கு மேலயும் போகும், அதனால வருஷா வருஷம் ரப்பிங் பாலிஷ் போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க. எல்லா கீறலையும் எடுக்கணும்னு அவசியம் இல்ல, நகம் மாட்டுற அளவு ஆழமா இருந்தா அதை விட்டுடறது தான் வண்டிக்கு நல்லது.

பாலிஷ் முடிஞ்சதும் வண்டி பளபளன்னு நிக்கும், ஆனா அதுல பாதி எண்ணெயா இருக்கலாம். நிறைய பாலிஷ்ல, முக்கியமா கிளேஸ்னு விக்கிறதுல, ஃபில்லரும் எண்ணெயும் இருக்கும், அது கீறலை அடைச்சு மறைக்கும், நாலு வாஷ்ல போயிடும். அதனால ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த பேனல் வைப் வச்சு எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு, உண்மையிலேயே கீறல் போச்சான்னு லைட்ல மறுபடி பாக்கணும்.

இப்ப வரிசை. மூணு விதமான பாதுகாப்பு இருக்கு. வேக்ஸ், அதுல நல்லது கார்னோபா, பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட இலையில இருந்து எடுக்கிறது, 82-86 டிகிரில உருகும், பாக்க அவ்ளோ அழகா ஒரு ஈரப் பளபளப்பு குடுக்கும் ஆனா நம்ம ஊர் வெயில்லயும் மழையிலயும் சில வாரம் தாங்கினா பெருசு. சீலண்ட், இது சிந்தெடிக் பாலிமர், நாலு அஞ்சு மாசம் ஓடும். டெஃப்ளான் கோட்டிங்னு சொல்லி போடுற நிறைய ஐட்டம் இந்த வகை தான், உண்மையான டெஃப்ளான், அதாவது பிடிஎஃப்ஈ, உருகுறதுக்கே 327 டிகிரி வேணும், தோசைக்கல்ல அதை சூளையில வச்சு தான் பிடிக்க வைக்கிறாங்க, கார்ல அந்த சூட்டைக் காட்ட முடியாது. மூணாவது செராமிக், சிலிக்கா சம்பந்தப்பட்ட திரவம், காத்துல இருக்கிற ஈரத்தோட சேர்ந்து இறுகி கிளியர் கோட்டை கெட்டியா பிடிச்சுக்கும், ஒழுங்கா பாத்துக்கிட்டா வருஷக்கணக்குல நிக்கும்.

கெட்டியா பிடிச்சுக்கிற ஐட்டம் எப்பவும் அடியில, வெறும் பெயிண்ட் மேல. செராமிக் போடணும்னா கீழ வேக்ஸ், சீலண்ட், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா அது பெயிண்ட்டைப் பிடிக்காம வேக்ஸைப் பிடிக்கும், வேக்ஸ் போறப்ப கூடவே போயிடும். சீலண்ட் மேல வேக்ஸ் போடலாம், வேக்ஸ் மேல சீலண்ட் போடக் கூடாது. செராமிக் மேல வேக்ஸ் போடலாமான்னா போடலாம், ஆனா அவ்ளோ காசு குடுத்து வாங்கின தண்ணி ஓடுற குணத்தை வேக்ஸ் மூடிடும், தூசியும் கூட ஒட்டும், அதுக்கு பதிலா அந்த கோட்டிங்குக்கு ஏத்த சிலிக்கா ஸ்ப்ரே டாப்பர் (கோட்டிங் மேல அடிக்கிற ஸ்ப்ரே) போடுங்க. பிபிஎஃப், அதாவது பெயிண்ட்டைக் காப்பாத்த ஒட்டுற ஃபிலிம், ஒட்டுறதா இருந்தா பிபிஎஃப் முதல்ல, அதுக்கு மேல செராமிக். வழுக்குற செராமிக் மேல ஃபிலிம் பசை சரியா பிடிக்காது, ஓரம் தூக்கிட்டு வரும். கல்லு தெறிக்கிறதுக்கு உண்மையான பாதுகாப்பும் பிபிஎஃப் மட்டும் தான், அது 150-200 மைக்ரான் பாலியூரித்தேன், செராமிக் காஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு மைக்ரான் கூட தேறாது. 9ஹெச்னு சொல்றது பென்சில் டெஸ்ட், 9ஹெச் பென்சில் கீறலங்கிறது தான் அர்த்தம், பக்கத்துல நிறுத்தினவரோட சாவி கீறாதுன்னு யாரும் சொல்லல.

எத்தனை லேயர்ங்கிற கேள்விக்கு இப்ப வர்றேன். ரெண்டாவது லேயர்ல அர்த்தம் இருக்கு, முதல் தடவை எங்கயாவது விட்டுப் போயிருந்தா அதை மூடும், தடிமனும் கொஞ்சம் ஏறும். ஆனா முதல் லேயர் முழுசா இறுகிட்டா அதுவே வழுக்கும், மேல வர்றதை தள்ளி விடும், அதனால கம்பெனி சொன்ன இடைவெளிக்குள்ள ரெண்டாவதைப் போடணும். அதுக்கு மேல நாலு அஞ்சுன்னு போறதுல பெரிய லாபம் நான் பாத்ததில்ல. அந்தக் காசை பாலிஷ் வேலைக்கு குடுங்க.

சென்னைல செராமிக் போடுறவங்களுக்கு ஒரு விஷயம். இங்க காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால சீக்கிரம் இறுகும். ஒரு தடவைக்கு ரெண்டுக்கு ரெண்டு அடியை விட சின்ன இடமா எடுத்து, ஸ்வேட் துணில குறுக்கும் நெடுக்குமா இழுத்துட்டு, வானவில் கலர் மாதிரி மேல ஓடுறது தெரிஞ்ச உடனே மைக்ரோஃபைபர்ல துடைச்சிடணும். போன் வந்துச்சுன்னு போயிட்டு வந்தா அங்க கறுத்த திட்டா ஹை ஸ்பாட் நிக்கும், மறுநாள் பாலிஷ் போட்டுத் தான் எடுக்க முடியும். போட்ட வண்டிக்கு குறைஞ்சது ஒரு நாள் தண்ணி படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

போட்டதுக்கு அப்புறம் தான் பெரிய சேதமே நடக்குது, அதுவும் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல. காலைல வர்ற அண்ணன் ஒரே பக்கெட் தண்ணில பத்து வண்டி துடைப்பாரு, அந்தத் துணில இருக்கிற மண்ணு தான் உங்க பானெட்ல வட்டம் போடுது. அவர் மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல, வெளிய பாடியைத் தொடாதீங்கண்ணே, கண்ணாடி மட்டும் துடைங்கன்னு சொல்லிட்டு அதே சம்பளத்தைக் குடுங்க. வாரம் ஒரு தடவை நீங்களே ரெண்டு பக்கெட் வச்சு, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல துணி அலச தண்ணி, நிழல்ல கழுவுங்க. பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம், வேக்ஸை அப்படியே உருவி எடுத்துடும்.

அடுத்தது போர் தண்ணி. கோட்டிங் போட்ட வண்டில தண்ணி முத்து முத்தா நிக்கும், அந்த முத்து வெயில்ல காஞ்சா கால்சியமும் மெக்னீசியமும் அந்த இடத்துலயே வட்டமா படியும், விட்டா பெயிண்ட்டை அரிக்கும். கோட்டிங் இருந்தா உப்புக்கறை வராதுன்னு நம்பாதீங்க, கழுவின உடனே டவல்ல ஒத்தி எடுங்க. ஆறு மாசத்துல தண்ணி உருளாம தட்டையா நிக்குதுன்னு நிறைய பேர் கோட்டிங் போச்சுன்னு பயந்து வர்றாங்க, பாதி கேஸ்ல மேல உப்பும் அழுக்கும் அடைச்சிருக்கும், உப்புக்கறை எடுக்கிற ஷாம்புவும் அயர்ன் ரிமூவரும் போட்டு அலசினா மறுபடி உருள ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள புது கோட்டிங்குக்கு காசு குடுத்துடாதீங்க.

காக்கா எச்சமும் தூங்குமூஞ்சி மரத்துப் பிசினும் அன்னைக்கே போகணும், சூட்டுல கிளியர் கோட் இளகி இருக்கப்ப எச்சத்துல இருக்கிற அமிலம் உள்ள இறங்கி தடம் போட்டுடும். காஞ்சு போனதை சுரண்டாதீங்க, ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் மேல போட்டு ஊற வச்சு எடுங்க. ஆயுத பூஜைக்கு வைக்கிற மஞ்சளும் குங்குமமும் அப்படித்தான், வெள்ளை வண்டில ஒரு வாரம் வெயில்ல நின்னா சிவப்பு கறை எடுக்கிறது பெரும் பாடு. பொட்டை கண்ணாடில வைங்க, மாலை கட்டுற கம்பி பெயிண்ட்டைத் தொடாம பாத்துக்கோங்க.

கடைசியா ரீபெயிண்ட் பேனல். ஃபேக்டரில 140 டிகிரி பக்கத்துல சுடுறாங்க, வெளிய பெயிண்ட் பூத்ல 60 டிகிரி தான், சின்ன இடங்கள்ல அதுவும் இல்லாம காத்துல காய விடுவாங்க, உள்ள இருக்கிற சால்வென்ட் முழுசா வெளிய போக வாரக்கணக்கு ஆகும். அதுக்குள்ள மேல செராமிக் போட்டு மூடிட்டா பெயிண்ட் மங்கலாம், கொப்புளம் கூட வரலாம். இன்சூரன்ஸ்ல டோர், பம்பர் மாத்தி பெயிண்ட் அடிச்சிருந்தா எந்த தேதில அடிச்சாங்க, சூட்டுல வச்சு காய வச்சாங்களான்னு அங்கயே கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க, அதைப் பாத்துட்டு தான் கோட்டிங்குக்கு நான் தேதி சொல்ல முடியும்.