மூன்று டம்ளரில் ஒன்று மட்டும் வேறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெங்களூருவில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் உட்கார்ந்து இரண்டு பீர்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாகப் போடும் ஐபிஏ வகை. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. பாட்டிலைப் பார்த்து ஊற்றிக் குடித்தபோது ஆறு பேருக்குமே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. விலை கூடியதில் மாம்பழ வாசனை வருகிறதே என்று ஒருவர் சொன்னார், அடுத்த நிமிஷமே மற்ற ஐந்து பேருக்கும் மாம்பழம் வந்துவிட்டது.

நண்பரின் அக்கா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அவர் சமையலறைக்குள் போய், நிறம் தெரியாமல் இருக்க எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஆளுக்கு மூன்று டம்ளராகத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "மூணுல ரெண்டு ஒரே பீர், ஒண்ணு மட்டும் வேற. எது வேறன்னு மட்டும் சொல்லுங்க, எது நல்லதுன்னு நான் கேக்கலை" என்றார். ஆறு பேரில் இரண்டு பேர்தான் சரியாகச் சொன்னோம்.

கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு டம்ளரைக் கைகாட்டியிருந்தாலும் மூன்றில் ஒருவருக்குச் சரியாக வந்திருக்கும், அதாவது சராசரியாக ஆறில் இரண்டு பேர். நாங்கள் எடுத்த மார்க்கும் அதுவேதான்.

இதற்கு முக்கோணச் சோதனை என்று பேர். 1940களில் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், சுவைத்துப் பார்க்கும் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு பிஸ்கட் கம்பெனி முதல் காபித்தூள் கம்பெனி வரை மூலப்பொருளை மாற்றினால் வாடிக்கையாளருக்குத் தெரியுமா என்று பார்க்க இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு பீரை அ என்றும் இன்னொன்றை ஆ என்றும் வைத்துக்கொண்டால் மூன்று டம்ளரை அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ என்று ஆறு விதமாக அடுக்கலாம். ஆறு பேருக்கும் ஆறு வேறு வரிசை. முதலில் குடிக்கிற டம்ளர் பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் என்பதால் வரிசையை இப்படிக் கலைக்காவிட்டால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஆறு பேரில் எத்தனை பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம் என்று நம்பலாம்? கணக்குப் போட்டுப் பார்த்தால், வெறும் குருட்டு யோகத்தில் நாலு பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல 729ல் 73 வாய்ப்பு, ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் 729ல் 13தான், நூற்றில் இரண்டுகூட இல்லை. அதனால் ஐந்து பேராவது வேண்டும். அதே சமயம் ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் மட்டும் சொன்னதால் இரண்டு பீரும் ஒன்றேதான் என்று தீர்ப்பு எழுதவும் முடியாது, ஆள் எண்ணிக்கை போதாது. கையில் இருக்கும் கொஞ்சம் மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை தேடியவரும் ஒரு பீர் கம்பெனிக்காரர்தான்: டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக் கம்பெனி விடாததால் 1908ல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதினார். கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள் மனப்பாடம் செய்த ஸ்டூடன்ட் டி சோதனை அங்கிருந்து வந்ததுதான்.

சரி, எங்கள் மாம்பழம் எங்கே போனது? ஒருவர் சொன்னதும் எல்லாருக்கும் வந்ததே, அது பொய் இல்லை, அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே மணத்தது. மூளை வாசனையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, கண்ணும் காதும் சொல்வதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறது. 2001ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்தோ நகரில் ஒயின் படிப்பு படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையே இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளை வைத்தே அவர்கள் அதன் மணத்தை வர்ணித்தார்கள். அதைத்தான் படித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நம் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளலாம். டம்ளரும் எவர்சில்வரும் அதற்காகத்தான்.

இன்னொரு விஷயம், நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பங்கு நாக்கில் நடப்பதே இல்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளியில் வரும் சாறுச் சுவை) என்று ஐந்தே ஐந்துதான். மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன (இவற்றின் மரபணுக்களை 1991ல் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004ல் நோபல் கிடைத்தது). ஒவ்வொரு மணமும் இந்த 400ல் சிலவற்றைச் சேர்த்து மீட்டுகிறது, அந்தச் சேர்க்கைதான் அதன் அடையாளம். வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ஏலக்காய் போட்ட கேசரி சாப்பிடுங்கள். இனிப்பும் ரவையும் நெய்யின் வழவழப்பும் மட்டும் தெரியும். மென்றுகொண்டே கையை எடுங்கள், ஏலக்காய் குபீரென்று வரும். வாயிலிருந்து தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் காற்றுதான் அதைக் கொண்டுபோகிறது. பீரையோ விஸ்கியையோ ருசி பார்க்கிறவர்கள் விழுங்கியபிறகு வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது இதற்குத்தான், அந்த ஒரு மூச்சில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அக்கா இரண்டாவது சுற்று வைத்தார். இந்தத் தடவை ஒரே பீர்தான், ஒரே பாட்டில். இரண்டு கண்ணாடி கிளாஸில் ஊற்றி மூடி, ஒன்றை மாடி வெயிலில் இருபது நிமிஷம் வைத்தார், இன்னொன்றை அதே நேரம் வீட்டுக்குள் இருட்டில். அப்புறம் இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரே குளிருக்குக் கொண்டுவந்து, மறுபடி எவர்சில்வர் டம்ளர், மறுபடி மூன்று மூன்றாக. ஆறுக்கு ஆறும் சரி! குருட்டு யோகத்தில் அப்படி வர 729ல் ஒரு வாய்ப்புதான். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ ரப்பரும் அழுகிய வெங்காயமும் சேர்ந்த வாடை.

பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்புப் பொருள்கள்மேல் வெளிச்சம், அதிலும் நீலமும் புற ஊதாவும் பட்டால் (பீரில் இருக்கும் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், வெளிச்சத்தை உறிஞ்சி இந்த வேலைக்குத் துணைபோகிறது) அவை உடைந்து கந்தகத்தோடு சேர்ந்து 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற பொருளாக மாறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு விலங்கு தற்காப்புக்குப் பீய்ச்சும் திரவத்துக்கு இது உறவு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரியும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் வருவதன் காரணம் இதுதான், பழுப்புக் கண்ணாடி நீல வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நம் மூக்கு மட்டமானது என்று முதல் சுற்றில் தோன்றியது தப்பு. எந்த மூலக்கூறு என்பதைப் பொறுத்து அது எந்தக் கருவிக்கும் சளைத்தது இல்லை. கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசனை (ஐசோஅமைல் அசிடேட்), கிராம்பு வாசனை (4-வினைல் குவாயகால்), சரியாகப் புளிக்காத பீரில் வரும் வெண்ணெய் வாசனை (டைஅசிடைல்), பழசாகிப்போன பீரின் அட்டைப்பெட்டி வாசனை எல்லாமே இப்படிப் பேர் சொல்லக்கூடிய தனித்தனி மூலக்கூறுகள். கொஞ்சம் பழகினால் யாருக்கும் பிடிபடும்.

சாயங்காலம் விஸ்கி. ஒன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஐலா தீவிலிருந்து வந்தது, பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே பாட்டிலில் அடைத்தது, 60 சதவீதத்துக்கு ஒட்டிய ஆல்கஹால். மூக்கைக் கொண்டுபோனால் சுள்ளென்று எரிகிறது. இந்த எரிச்சல் வாசனையும் இல்லை, சுவையும் இல்லை, வலி நரம்பின் வேலை. பச்சைமிளகாயைக் கடித்தால் சுறீர் என்று சொல்லும் அதே டிஆர்பிவி1 ஏற்பிதான் இதற்கும். வழக்கமாக 42 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பியை ஆல்கஹால் 34 டிகிரியிலேயே விழிக்க வைத்துவிடுகிறது என்று 2002ல் கண்டறிந்தார்கள். வாயின் சூடு 37 டிகிரிக்குப் பக்கம் இருப்பதால் வாய் தன் சொந்தச் சூட்டையே நெருப்பாக உணர்கிறது. அதனால் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து இழுக்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும்.

ஐலா விஸ்கியின் புகை பீட் என்ற மண்ணிலிருந்து வருகிறது. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருஷம் முழுசாக மக்காமல் பாதி மக்கிக் கிடக்கும் கறுப்பு மண் அது. வெட்டிக் காயவைத்தால் விறகு மாதிரி எரியும். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால், கிரெசால், குவாயகால் போன்ற பொருள்கள் தானியத்தில் படிந்துவிடுகின்றன. முதல்முறை முகர்கிற நம் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரி வாடை, டெட்டால் வாடை என்று முகம் சுளிப்பார்கள். அது சரியான கணிப்பு, டெட்டாலில் இருப்பதும் ஃபீனால் குடும்பத்துப் பொருள்தான். ஐலாவின் ஆர்ட்பெக் ஆலைக்குப் போகும் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பத்து லட்சத்தில் ஏறக்குறைய 55 பங்கு ஃபீனால், ஆக்டோமோர் என்ற ஐலா விஸ்கி வகையில் பெரும்பாலும் நூறைத் தாண்டும். ஆனால் இந்த எண் தானியத்துக்கு உரியது, வடிக்கும்போது பெரும்பகுதி போய்விடும் என்பதால் இதை வைத்துப் பாட்டிலுக்குள் எவ்வளவு புகை என்று சொல்ல முடியாது.

இப்போது தண்ணீர். விஸ்கியில் தண்ணீர் விடுவது தப்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017ல் குவாயகால் மூலக்கூறு ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த திரவத்தில் எங்கே போய் நிற்கிறது என்று கணினியில் நடத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் குவாயகால் மேற்பரப்பில், காற்றை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகின்றன, மூக்குக்கு எட்டாது. கணக்கு எளிது: 60 சதவீத விஸ்கி 30 மில்லியோடு 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 45. நாங்கள் அப்படிச் செய்தபோது எரிச்சல் இறங்கி அந்த இடத்தில் புகை எழுந்துவந்தது, அணைந்த விறகடுப்பு மாதிரி. விஸ்கியில் குவாயகால் மட்டும் இல்லை, நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு, தண்ணீர் பட்டதும் சில மேலே வரும், சில அடங்கும். பாட்டிலிலேயே 40, 43 என்று வருவதற்குச் சில சொட்டு போதும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2023ல் பார்த்தபோது, கலவையில் தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஒரே வகை விஸ்கிகள் ஒன்றுபோலவே மணக்க ஆரம்பித்துவிட்டன. ஒப்பிட உட்கார்ந்தவர்களுக்கு அங்கே ஆட்டம் முடிந்தது. எங்கள் 30க்கு 10 கலவையும் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியதுதான், அது 60 சதவீதத்தை 45க்கு இறக்க மட்டும்.

இரண்டாவது பாட்டில் அம்ருத் ஃபியூஷன், பெங்களூருவிலேயே வடிப்பது. இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து வரும் பீட் புகை போட்ட பார்லியும் சேர்ப்பதால் ஐலாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பங்கு ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் அளவுக்கு இருக்கும், பெங்களூரு சூட்டில் 10 சதவீதத்துக்கு மேலே. போவது நஷ்டம்தான், ஆனால் அதே சூடு பீப்பாயின் மரத்துக்குள் விஸ்கியை வேகமாக ஏற்றி இறக்கி, அங்கே பல வருஷம் ஆகும் வேலையைச் சில வருஷத்தில் முடிக்கிறது. அமெரிக்க ஓக் மரத்தில் விஸ்கி லாக்டோன் என்று ஒரு பொருள் உண்டு, அசல் தேங்காய் வாசனை. மரத்தின் லிக்னின் உடைந்து வனிலின் வருகிறது. ஐலாவும் அம்ருத்தும் முக்கோணச் சோதனையே தேவைப்படாத அளவுக்கு வேறாக இருந்தன. ஆனால் ஆளுக்கு 15 மில்லிக்கு மேல் யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை, அதற்குமேல் போனால் மூக்கும் மரத்துப்போகும், தீர்ப்புச் சொல்கிற மூளையும் மந்தமாகிவிடும்.

கிளாஸ்களைக் கழுவ வேண்டாம், அப்படியே கவிழ்க்காமல் விட்டுவைங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். காலையில் காபிக்கு முன்னால் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தோம். ஆல்கஹாலும் பழ வாசனையும் இலேசானவை, ராத்திரியே பறந்துவிட்டன. சீக்கிரம் ஆவியாகாத கனமான பொருள்கள் மட்டும் காய்ந்த கிளாஸின் அடியில் மிச்சம். ஒன்றில் ஆறிப்போன சாம்பல். இன்னொன்றில் அதே சாம்பல் கொஞ்சம், கூடவே தேங்காய் பர்பி.