தாய் என்றால் மட்டும் போதாது: மனநோயாளியைப் பராமரிப்பவர் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் வடக்கில், ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மனநோயோடு இருக்கிற மகனைப் பல வருடமாகப் பார்க்கிறார். மருந்து கொடுப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, இரவில் எழும்பி நடந்தால் பின்னால் போவது எல்லாம் அவர்தான். மகனின் வங்கிப் புத்தகத்தில் கிடந்த காசை எடுக்கப் போனபோது கேட்டார்களாம், "நீங்கள் ஆர்?" என்று. தாய் என்றிருக்கிறார். "தாய் எண்டால் காணாது அம்மா."

சொன்ன விதம் சரியில்லை, ஆனால் சொன்னது பிழையில்லை. பிள்ளைக்கு 18 வயது கடந்துவிட்டால் பெற்றோர் சட்டப்படி பாதுகாவலர் இல்லை. மனைவி, அக்கா, யாராக இருந்தாலும் இதே கதைதான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நீங்கள் வைத்த கையெழுத்தும் வைத்தியத்துக்கு மட்டும்தான், காசுக்கோ காணிக்கோ அது செல்லாது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லாமல் அனுப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

  

ஆட்கள் மாட்டுப்படும் பொறி எங்கே என்றால், அற்றோணித் தத்துவத்தில், அதாவது தன் அலுவலைத் தனக்காகப் பார்க்கச் சொல்லி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில். "ஒரு அற்றோணி எழுதினால் முடிஞ்சுது" என்று காணித் தரகர் சொல்வார், சொந்தக்காரர் சொல்வார், சில இடங்களில் கதிரையில் இருக்கிறவரே சொல்வார். எழுதிக் கொடுக்கிறவருக்கு என்ன எழுதுகிறோம் என்று விளங்க வேண்டும். விளங்காத நிலையில் பெருவிரல் அடையாளம் வைத்து எடுத்த அற்றோணி பிறகு வழக்கென்று வந்தால் நிற்காது. தெளிவாக இருந்த காலத்தில் எழுதியிருந்தாலும், அவர் புத்தி அந்த நிலையை இழக்கும்போது அதுவும் செல்லாமல் போகிறது. அதை வைத்துக் காணி வாங்கினவன் பின்னர் உங்களைத்தான் பிடிப்பான்.

அதற்காக மனநோய் என்றாலே கையெழுத்துப் போட முடியாது என்று நினைக்க வேண்டாம். மருந்தில் ஒழுங்காக இருக்கிற எத்தனையோ பேர் தங்கள் அலுவலைத் தாங்களே பார்க்கிறார்கள். அப்படியானவரை நீங்களே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், விளங்கித்தான் செய்கிறார் என்று வைத்தியரிடம் ஒரு கடிதமும் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

அது சரிவராது என்றால்தான் நீதிமன்றம். 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், அவர் வசிக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் உறவினர் மனுப் போடலாம். வைத்தியச் சான்று பார்த்து, விசாரித்து, சொத்தைப் பார்க்க ஒரு முகாமையாளரை நீதிமன்றம் நியமிக்கும். கட்டளை கைக்கு வந்ததும் காணியை விற்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. விற்கவோ ஈடு வைக்கவோ திரும்பவும் நீதிமன்ற அனுமதி வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

அடுத்தது மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு. 2025இலிருந்து மாதம் 10,000 ரூபாய். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள், ஏனென்றால் மேசையில் இருக்கிறவர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பதற்கு உடல் ஆற்றல் குறைந்தவர் மட்டுமல்ல, உள ஆற்றல் குறைந்தவரும் அடக்கம். வாயால் வாதாடிப் பலனில்லை. வைத்திய அறிக்கையில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், தானாகச் சமைக்க, காசு கையாள, வேலைக்குப் போக இயலாது என்று எழுதித் தரக் கேளுங்கள். விதானையார் (கிராம அலுவலர்) சமூக சேவை உத்தியோகத்தரைக் காட்டுவார், அவர் விதானையாரின் கடிதத்தைக் கேட்பார், "சேர் லீவு, திங்கட்கிழமை வாங்கோ" என்பார்கள். போகும்போதே எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டு போங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்காமல் எழும்ப வேண்டாம். இல்லையென்றால் அடுத்த முறை "உங்கட பைலைக் காணேல்லை" என்பதுதான் பதில்.

கிளினிக் கொப்பி தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். இரவில் தனியாகத் திணறினால் 1926க்கு அடியுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

இன்னொன்று, வன்னியில் பாதிப்பேருக்கு இருப்பது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அது உங்கள் பெயரில் இருந்தால் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, இப்போதே எழுதி நியமியுங்கள். சுகமில்லாத பிள்ளையின் பெயரை எழுதினால், உங்களுக்குப் பிறகு அந்தக் காணியைப் பார்க்கவும் இதே நீதிமன்ற வாசலில்தான் யாராவது நிற்க வேண்டி வரும், அதை யோசித்து எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால்தான் செல்லும், எனவே பதிந்தாயிற்றா என்று நேரில் போய்க் கேளுங்கள்.