டிஃபென்ஸ் காரிடார்: நம் பட்டறைக்கு வழி எது, நமக்காகப் பேச ஆள் யார்?

கோவையில் சிறு தொழில்காரர்கள் கூடும் இடத்தில் "டிஃபென்ஸ் காரிடார்" என்ற பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்த ரோடு எப்பங்க போடுவாங்க?" நியாயமான கேள்விதான். வழித்தடம் என்று பெயர் வைத்தால் சாலை என்றுதானே தோன்றும். ஆனால் சாலை எதுவும் கிடையாது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சுற்றியுள்ள ஆலைகள், பட்டறைகள், கல்லூரிகள், சோதனைக்கூடங்களை இணைத்து, முப்படைகளுக்கு வேண்டியதை இங்கேயே செய்ய வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று பெயர்.

2018 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இப்படி இரண்டை அறிவித்தது. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, இன்னொன்று நமக்கு. 2019 ஜனவரி 20 அன்று, அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் திருச்சியில் தொடங்கி வைத்தார். 3,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டு அறிவிப்புகள் அன்றைக்கே வந்தன.

இந்த ஐந்து ஊர்களையும் சும்மா வரைபடத்தில் புள்ளி வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சென்னைப் பக்கம் ஆவடியில் டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, டாங்க் ஆராய்ச்சிக்கூடம் மூன்றும் இருக்கின்றன. ஓசூருக்குப் பக்கத்திலேயே விமானம் செய்யும் பெங்களூரின் எச்ஏஎல். சேலத்தில் உருக்காலை. கோவையில் சூலூர் விமானப்படைத் தளம், அங்கேயே விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனை. சற்று மேலே ஏறினால் நீலகிரி அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடும் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை.

திருச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை உண்டு, பாய்லர் செய்யும் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் ஏராளம். பாய்லர் ஆர்டர் குறைந்தபோது அந்தப் பட்டறைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஒரே வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்கிக் கடன் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இரண்டாவது கதவு ஒன்று திறக்குமானால் அது இந்த வழித்தடம்தான். நான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கே அவர்கள்தான் காரணம்.

சரி, இந்தக் கதவை யார் திறந்துவிடுவது? தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு டிட்கோவுடையது, அதாவது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம். நிலம், கொள்கை, சோதனைக்கூடம், கண்காட்சி, டெல்லியோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் அதன் வழியாகத்தான். 2022-ல் வந்த மாநிலத்தின் வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை, பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்று இலக்கு வைத்திருக்கிறது. பெரிய ஆலை வருகிறது என்றால் டிட்கோ முன்னால் நிற்கும். பத்துப் பேர் வேலை செய்யும் சிஎன்சி பட்டறைக்காக டெல்லியில் போய் யார் பேசுவது என்பதில்தான் இன்னும் இடைவெளி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா போன்ற மாநில அரசுகள், ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல் (கடற்படை உயரதிகாரி) ஒவ்வொருவரைச் சம்பளம் கொடுத்து எடுத்து, 'எங்கள் ஊர்த் தொழிலுக்காகத் தலைநகரில் நீங்கள் பேசுங்கள்' என்று பொறுப்பு கொடுத்தன. டிஃபென்ஸ் அட்வகேட் என்பது பதவியின் பெயர். கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம், பரிந்து பேசும் ஆள் என்ற பொருளில். 2018-ல் அந்நாட்டு ஒன்றிய அரசே பாதுகாப்பு ஏற்றுமதிக்காக இப்படி ஒருவரை நியமித்தது. அவர் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டேவிட் ஜான்ஸ்டன்.

நம் ஐந்து ஊர்களுக்கும் இப்படி ஆளுக்கொருவர் வேண்டும் என்பது என் கருத்து. படையில் தரப்பரிசோதனையோ கொள்முதலோ பார்த்து ஓய்வு பெற்றவராக இருந்தால் நல்லது. நம் தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறார்கள். எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உயர்நிலை அதிகாரிகள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வணிக வேலையில் சேர்வதென்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். தொழிற்சங்கமோ நிறுவனமோ ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிக்கல் அவருக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

அப்படியொருவர் வரும்வரை நாமே போய்த் தட்டக்கூடிய கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, இறக்குமதிக்கு மாற்று. 2020 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் 'சிருஜன்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பாதுகாப்புத் துறைப் பொதுத்துறை நிறுவனங்களும் படைகளும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் உதிரிபாகங்களை அதில் பட்டியலிட்டு, 'இதை இங்கே யார் செய்து தருவீர்கள்?' என்று கேட்கின்றன. ஏவுகணை, ரேடார் என்று பயந்துவிட வேண்டாம். சீல், புஷ், வால்வு, கேஸ்கெட், ஸ்பிரிங், கனெக்டர் மாதிரியான சாமான்களும் அதில் உண்டு. ஒரு பொருளைப் பார்த்ததும் 'இதை நம்ம மெஷினில் ஓட்டலாமே' என்று தோன்றினால் அங்கேயே விருப்பம் தெரிவிக்கலாம். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது உள்நாட்டுமயப் பட்டியல்கள். இந்தத் தேதிக்குப் பிறகு இந்தப் பொருளை இந்தியாவில்தான் வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு போட்டிருக்கிறார்கள். முதல் பட்டியல் 2020 ஆகஸ்டில் 101 பொருட்களோடு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களுக்கான ஐந்து பட்டியல்களில் மட்டும் 5,000-க்கும் மேல் இருக்கின்றன.

இரண்டாவது கதவு 'ஐடெக்ஸ்'. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கானது. 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த டெஃப்எக்ஸ்போ என்ற பாதுகாப்புக் கண்காட்சியில்தான் பிரதமர் இதைத் தொடங்கி வைத்தார். படைகள் தங்கள் பிரச்சினையைச் சவாலாக அறிவிக்கும். ஸ்டார்ட்அப், குறு சிறு நடுத்தர நிறுவனம், தனி ஆள் என யாரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் மாதிரி செய்து காட்ட 1.5 கோடி ரூபாய் வரை மானியம். ஐடெக்ஸ் பிரைம் என்ற பிரிவில் 10 கோடி வரை, அதிதி என்ற பிரிவில் 25 கோடி வரை. ஆனால் முழுச் செலவையும் அரசு தராது, நம் பங்கும் வேண்டும். பலர் இதைப் பாதியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம் ஐடெக்ஸின் கூட்டாளி. விண்ணப்பம் எழுதத் தெரியாமல் விட்டுவிடாதீர்கள், அங்கே போய்க் கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரும்பாலான பட்டறைகளுக்குச் சரியான கதவு: பெரிய நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க். பாரத் எலெக்ட்ரானிக்ஸ், எச்ஏஎல், ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனக் கழகம் போன்றவை வெண்டார் பதிவு, அதாவது சப்ளையராகப் பதிவு, எடுக்கின்றன. 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் முன்பு கொல்கத்தாவைப் பார்த்துக் காத்திருந்த பல விஷயங்களை இப்போது அந்தந்த நிறுவனத்திடமே கேட்கலாம்.

அப்புறம் லைசென்ஸ். 'ராணுவ வேலை என்றால் லைசென்ஸ் வேண்டுமாமே' என்று பயந்து ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். டாங்க், போர் விமானம், துப்பாக்கி, வெடிமருந்து போன்றவற்றுக்குத் தொழில் உரிமம் கட்டாயம். உதிரிபாகங்களில் பெரும்பகுதிக்கு அது தேவையில்லை. நம் பொருள் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

உண்மையில் தடையாக இருப்பது சோதனைதான். கார் கம்பெனிக்குப் போகிற அதே பாகத்தை ராணுவத்துக்குக் கொடுக்கும்போது, எந்த உலோகம், எந்த வார்ப்பு, எப்படிச் சூடுபடுத்தியது என்று கச்சாப்பொருள் வரை சான்றிதழ் கேட்பார்கள். வெப்பம், குளிர், அதிர்வு, உப்புநீர் எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கூடங்கள் பெரும்பாலும் வெளிமாநிலங்களில் இருந்ததால் அலைச்சலும் செலவும் நம் தலையில் விழுந்தன. இதற்காக 2020 மே மாதம் 400 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. கூடம் கட்டும் செலவில் 75 சதவீதம் வரை ஒன்றிய அரசின் மானியம். மீதியை மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஆளில்லா விமானங்களுக்கு ஒன்று, மின்னணுப் போர்க்கருவிகளுக்கு ஒன்று, ஒளியியல் கருவிகளுக்கு ஒன்று என்று 2024 ஜூலையில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஆளில்லா விமானக் கூடத்துக்கு இடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால். நம் ஊரிலேயே சோதனை முடிந்தால் ஒரு மாதிரிக்காக லாரி ஏற்றி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி உரிமைகள். குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று ஒன்றிய அரசிடம் செய்யும் உத்யம் பதிவு இல்லாமல் இந்த உரிமைகளில் எதையும் கேட்க முடியாது, ஆகவே அதை முதலில் முடித்துவிடுங்கள். இணையத்தில் பதியக் கட்டணம் ஏதும் இல்லை. 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம்.

பணம் வராமல் போனால்? சிறு பட்டறையைச் சாய்ப்பது ஆர்டர் இல்லாததைவிட, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் நிற்பதுதான். சட்டம் தெளிவாக இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் தேதி ஏதும் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இப்படி நிற்கும் பணத்தை விசாரிக்கும் மாநில வசதிக் குழுவில் புகார் செய்யலாம். அங்கே நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று நாம் தயங்குவது எனக்குப் புரிகிறது. பில்லின் கீழே உத்யம் எண்ணையும் '45 நாள்' என்ற வரியையும் அச்சிடுவதற்காவது தயங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வழித்தடம் என்ற பெயர் பரவியதும் 'டிஃபென்ஸ் ஆர்டர் வாங்கித் தருகிறேன், இவ்வளவு சதவீதம்' என்று கிளம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கோவையில் ஒரு நண்பர் முன்பணமாகக் கொடுத்ததைத் திரும்பப் பார்க்கவே இல்லை. ஊருக்காகப் பேசும் அட்வகேட் வேறு, கமிஷன் தரகர் வேறு. பாதுகாப்புக் கொள்முதல் ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு உண்டு: இந்த ஆர்டரைப் பெற்றுத் தருவதற்காக எவரையும் அமர்த்தவில்லை, எவருக்கும் கமிஷன் கொடுக்கவில்லை என்று விற்பவர் உறுதி சொல்ல வேண்டும். அது பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்தாகலாம், நிறுவனத்தையே பல ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்கலாம். தரகர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். கையெழுத்துப் போட்டவர் நாம். அடுத்த முறை அப்படி யாராவது வாசலுக்கு வந்தால், அந்தப் பிரிவைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்.