சித்தியின் 399 வெள்ளி ஹேண்ட்போன்

தீபாவளி முறுக்குக்கு முன்பணம் 80 மலேசிய வெள்ளி அனுப்ப வேண்டும். முறுக்கு சுடும் அக்கா தன் வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸாப்பில் போட்டிருந்தார். சித்தி வங்கி ஆப்பைத் திறந்தார், கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், பணம் அனுப்பும் பக்கம் வந்தது. எண்ணைப் பார்க்க வாட்ஸாப்புக்குப் போனார். அது திறக்கவே ஆறு விநாடி. எண்ணை நகலெடுத்துக்கொண்டு திரும்பினால், வெள்ளைத் திரையில் வங்கியின் சின்னம் மட்டும் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. மூன்றாவது தடவையும் இதே கதை ஆனதும் ஹேண்ட்போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

“இதுக்கு அந்த பட்டன் போனே தேவலாம் தம்பி. அமுக்குனா அமுங்குச்சு.”

சித்திக்கு வயது 64. இது அவருடைய முதல் விவேகக் கைப்பேசி. பத்திரிகைகள்தான் அப்படி எழுதுகின்றன. பினாங்கில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் ஹேண்ட்போன்தான். ஆசைப்பட்டு வாங்கியதும் இல்லை. அதுவரை கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறந்து, பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைத் தட்டித்தான் பணம் அனுப்பி வந்தார். அந்த எண்ணை மோசடிக்காரர்கள் தந்திரமாகக் கறந்துவிடுகிறார்கள் என்பதால், எஸ்எம்எஸ் முறையிலிருந்து விலகச் சொல்லி 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்கு அறிவித்தது. அப்புறம் சித்தியின் வங்கியிலும் ஆப் வழியாகத்தான் ஒப்புதல் என்றாகிவிட்டது. கொம்தார் பக்கம் ஒரு கடைக்குப் போய் 399 வெள்ளிக்கு இதை வாங்கினார். கடைக்காரப் பையன் விரலால் இழுத்துக் காட்டியபோது திரை வழுக்கிக்கொண்டு ஓடியதாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஹேண்ட்போனின் வயிற்றுக்குள் இருக்கும் சாமான்களை என்னைவிட அதிகம் தொட்டவர் சித்திதான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்ததும் அதே ஆண்டு அங்கேதான். பின்னால் வந்த ஆலைகளில் ஒன்றில் சித்தி 22 வருடம் ஆபரேட்டர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பின் விளிம்பிலிருந்து வெளிக்கால்களுக்குத் தங்கக் கம்பி இணைப்பது அவர் வேலை. கம்பியின் கனம் 25 மைக்ரான் அளவு, தலைமுடியைவிட மெல்லியது. ஆகவே நான் அவருக்கு விளக்கும்போது ஆலை பாஷையிலேயே பேசினேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருந்தது ஆக்டா கோர், அதாவது எட்டுக் கோர். கோர் என்றால் போனின் சிப்புக்குள் கட்டளைகளைச் செய்துமுடிக்கும் ஒரு பிரிவு. “எட்டு ஆளு வேலை செய்யுறாங்கன்னா ஏன் இவ்ளோ நேரம் ஆவுது?” என்றார். நியாயமான கேள்வி.

எட்டு பேரும் கார்ட்டெக்ஸ் ஏ55 என்ற சின்ன வகை. சிப்புகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வடிவமைப்பு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், சிலிக்கானில் இடமும் குறைவாகப் பிடிக்கும், அதனால் மலிவு. ஆனால் கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒரு கட்டளைக்கு வேண்டிய தரவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல், போனின் தற்காலிக நினைவகமான ரேமிலிருந்து வர வேண்டியிருந்தால், அது வரும்வரை பின்னால் இருப்பவையும் சேர்ந்து நிற்கும். ரேமுக்குப் போய்வர 100 நானோ விநாடி என்று வைத்துக்கொண்டால், 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் கோர் அதற்குள் 160 துடிப்புகளைச் சும்மாவே கழிக்கிறது.

விலை கூடிய போன்களில் இருக்கும் பெரிய கோர் அப்படி நிற்காது. அனுபவமுள்ள ஆபரேட்டர் மாதிரி. ஒரு தட்டுக்குக் கம்பிச்சுருள் வரவில்லையென்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார் அல்லவா, அதே போலப் பெரிய கோர் முன்னால் எட்டிப் பார்த்து, இப்போதே முடிக்கக்கூடிய கட்டளைகளை முடித்துக்கொண்டிருக்கும். சின்னக் கோர் நேற்று சேர்ந்த பெண். எட்டுப் புதுப் பெண்கள் இருந்தாலும், ஓர் ஆப்பைத் திறப்பதில் பெரும்பகுதி ஒருவர் கையாலேயே ஒன்றன்பின் ஒன்றாக முடிய வேண்டிய வேலை. மற்ற ஏழு பேர் அந்த நேரத்தில் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். எட்டு என்ற எண்ணை அவ்வளவு பெரிதாக அச்சடிப்பது என் பார்வையில் கொஞ்சம் குறும்புதான்.

சரி, அது வேகக் குறைவு. வங்கி ஆப் செத்துச் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் வேறு.

ரேம் என்பது வேலை மேசை. சேமிப்பகம் என்பது ஸ்டோர் ரூம். ஸ்டோரில் எவ்வளவு இருந்தாலும் மேசைக்கு எடுத்து வந்தால்தான் வேலை ஓடும். சித்தியின் மேசை 3 ஜிபி. அதில் பெரும்பங்கை ஆண்ட்ராய்டும் அதன் கூடவே ஓடும் சேவைகளும் பிடித்துக்கொள்கின்றன. மீதியில் வங்கி ஆப் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸாப்பை அழைத்தால் இடம் போதவில்லை. அப்போது ஆண்ட்ராய்டு யாரை எழுந்து போகச் சொல்லலாம் என்று பார்க்கும். ஒவ்வோர் ஆப்புக்கும் அது ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. கண்முன் திரையில் இருப்பதைத் தொடாது. பின்னால் போனவற்றில் முக்கியம் குறைந்ததை, கனமானதை, கேட்காமல் கொள்ளாமல் முடித்துவிடும். சித்தி வாட்ஸாப்பில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் வங்கி ஆப் மேசையிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. திரும்பி வந்தபோது அவர் பார்த்தது புதிதாக ஏறும் ஆப்பை.

பாதுகாப்புக்காக வங்கி ஆப்பே வெளியேற்றியிருக்கலாமே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. சில ஆப்கள் அப்படிச் செய்வதுண்டு. என் போனில் அதே ஆப்பைத் திறந்து, அதே மாதிரி வாட்ஸாப்புக்குப் போய்த் திரும்பினேன். பக்கம் அப்படியே இருந்தது. என் போனில் ரேம் 8 ஜிபி.

கொல்வதற்கு முன் ஆண்ட்ராய்டு இன்னொன்றையும் முயன்று பார்க்கும். மேசையில் உடனடியாகத் தேவைப்படாதவற்றைச் சுருக்கி மடித்து மேசையிலேயே ஒரு மூலையில் வைக்கும். பீரோவில் சேலைகளை அமுக்கி மடித்து இடம் பண்ணுவது போல. ஆனால் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால் பிரித்தாக வேண்டும், அந்த மடிப்பு வேலையும் பிரிப்பு வேலையும் அதே சின்னக் கோர்களின் தலையில்தான் விழுகின்றன.

“பெட்டியில 6 ஜிபின்னு போட்டிருக்கே?” பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். 6 என்பது பெரிய எழுத்தில். அதன் கீழே கண்ணாடி போட்டால் தெரியும் அளவில் 3+3. இரண்டாவது 3 ரேமே இல்லை. ஸ்டோர் ரூமில் ஒரு மூலையை ஒதுக்கி அதையும் மேசை என்று சொல்கிறார்கள். அங்கே வைத்ததை எடுக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து நடக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது இந்த ஓர் இடத்தில்தான். கம்ப்யூட்டர்களில் காலங்காலமாக இருக்கும் நல்ல உத்திதான் இது. அதைக் கூட்டிப்போட்டு 6 என்று அச்சடித்து முதல்முறை வாங்குபவரிடம் விற்பதுதான் சரியில்லை.

அந்த நடை ஏன் அவ்வளவு தூரம் என்பதில்தான் மலிவு போனின் மர்மம் முழுக்க இருக்கிறது. கடையில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை, பெட்டியிலும் பெரும்பாலும் போடுவதில்லை.

399 வெள்ளிப் போன்களின் சேமிப்பகம் பொதுவாக இஎம்எம்சி என்ற வகை. சித்தியின் போனில் இருப்பது 5.1 பதிப்பு, அதன் தர வரையறை 2015இல் வந்தது. இந்த ஸ்டோருக்கு ஒரே ஒரு ஜன்னல். சாமான் வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஜன்னலின் உச்ச வேகம் விநாடிக்கு 400 மெகாபைட், அதுவும் காகிதத்தில். விலை கூடிய போன்களில் இருப்பது யுஎஃப்எஸ். அதற்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி. பழைய 2.1 பதிப்பே விநாடிக்கு 1000 மெகாபைட்டைத் தாண்டக்கூடியது. ஓர் ஆப் திறக்கும்போது பெரிய கோப்பு ஒன்று சீராக வருவதில்லை. நாலைந்து கிலோபைட் அளவுள்ள ஆயிரக்கணக்கான துண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வர வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பின்னணியில் ஒரு வீடியோ இறங்கினால், ஆப்பின் துண்டுகள் ஜன்னலில் காத்து நிற்கும். சித்திக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்டோர் ஜன்னலில் நின்ற கதை ஒன்று சொன்னார், அதை எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

இன்னொரு சிக்கல், இந்த ஸ்டோருக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் பிறவிக் குணம். தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் இதைக் கண்டுபிடித்தார். ஒரு பெரிய பகுதி ஒரே வெட்டில் அழிவதைப் பார்த்துக் கேமரா ஃபிளாஷ் ஞாபகம் வந்ததாகச் சக ஊழியர் ஒருவர் சொல்ல, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த ஒரே வெட்டுத்தான் வினை. எழுதும்போது சில கிலோபைட் கொண்ட சின்னப் பக்கமாக எழுதலாம். அழிக்கும்போது அப்படி முடியாது, பல மெகாபைட் கொண்ட முழுப் பாளத்தையும் அழிக்க வேண்டும். எழுதிய பக்கத்தின் மேலேயே திருத்தி எழுதவும் வழி இல்லை. ஆகவே சேமிப்பகத்தில் காலி இடம் குறையக் குறைய, ஒன்றைப் புதிதாக எழுத, ஏதோ ஒரு பாளத்தில் எஞ்சியிருக்கும் நல்ல பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றி, அந்தப் பாளத்தை அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். ஜன்னலோ ஒன்றுதான்.

சித்தியின் போனில் எவ்வளவு காலி என்று பார்த்தேன். 32 ஜிபி என்று வாங்கியது. கடைக் கணக்கு ஆயிரத்தால் பெருக்கியது, போன் கணக்குப் பல நேரம் 1024ஆல், அதிலேயே 2 ஜிபிக்கு மேல் மறைந்துவிடும். ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் 13 ஜிபி. மீதியில் பாதிக்கு மேல் காலை வணக்கம். செம்பருத்தி மேல் காலை வணக்கம், முருகன் படத்தோடு காலை வணக்கம், தே தாரிக் கோப்பையோடு காலை வணக்கம். குடும்பக் குழு, கோயில் குழு, பழைய ஆலைத் தோழிகள் குழு என்று மூன்றிலிருந்தும் வந்தவை எல்லாம் தானாகவே இறங்கிச் சேர்ந்திருந்தன. காலி இடம் 1 ஜிபிகூட இல்லை. கடையில் வழுக்கிக்கொண்டு ஓடிய போனுக்கு அன்று வயிறு காலி, அவ்வளவுதான்.

மென்பொருளும் பருத்துக்கொண்டே போகிறது. 2017இல் கூகுள் எளிய போன்களுக்கென்று ஆண்ட்ராய்டு கோ பதிப்பைக் கொண்டுவந்தபோது இலக்கு 1 ஜிபி, அதற்கும் குறைந்த ரேம். ஆண்ட்ராய்டு 13 வந்தபோது அந்த ‘கோ’வுக்கே குறைந்தது 2 ஜிபி வேண்டும் என்றானது.

தொடுதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவை தட்ட வேண்டிய இடத்தில் மூன்று தடவை தட்ட வேண்டியிருந்ததற்கு சித்தி தன் விரலையே குறை சொன்னார். கண்ணாடிக்குக் கீழே மின்புலம் ஒன்று இருக்கிறது. விரல் அருகே வரும்போது அதில் கொஞ்சம் மின்னூட்டம் விரல் பக்கம் இழுபடும், அந்த மாற்றத்தைத்தான் திரை தொடுதலாக எண்ணுகிறது. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடும், படும் பரப்பும் குறையும், அதனால் மாற்றம் சின்னதாகிறது. கடைக்காரர் இலவசமாக ஒட்டிக்கொடுத்த கனத்த கண்ணாடி விரலை இன்னும் தள்ளி நிறுத்தியிருந்தது. ஓரத்தில் நகம் கொடுத்து அதை உரித்தேன். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

மற்றதற்குச் சிலவற்றைச் செய்தோம். வாட்ஸாப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினோம். காலை வணக்கங்களை அழித்தோம், முருகனை அழிக்க மட்டும் சித்தி விடவில்லை. 8 ஜிபி காலியானது. அந்த இரண்டாவது 3ஐயும் அமைப்பில் தேடி அணைத்தேன். மறுநாள் வாட்ஸாப் மூன்று விநாடியில் திறந்தது. இதற்கு மேல் இந்தப் போனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இன்னும் 150, 200 வெள்ளி போட்டு, ரேம் உண்மையில் எத்தனை, சேமிப்பகம் எந்த வகை என்று கேட்டு வாங்கியிருந்தால் நல்லது என்பேன். கடைக்காரருக்கே பதில் தெரியாவிட்டால், போனின் மாடல் பெயரை வைத்து வலைத்தளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் வாங்கியது வாங்கியதுதான்.

வங்கி ஆப் மட்டும் இன்னும் செத்துக்கொண்டிருந்தது. மேசை 3 ஜிபிதானே, அதை நீட்ட முடியாது. சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய், சுவரில் தொங்கிய நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தார். வாட்ஸாப்பைத் திறந்து, முறுக்கு அக்காவின் கணக்கு எண்ணைத் தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதினார். அப்புறம் வங்கி ஆப்பைத் திறந்து, தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். நடுவில் வேறெங்கும் போகவில்லை. 80 வெள்ளி போய்ச் சேர்ந்தது. தாளை மடித்துப் போனின் உறைக்குள் செருகிக்கொண்டார், அடுத்த மாதம் அதிரசத்துக்கு வேண்டுமாம்.